ஹேராவுக்கு வாத்தியம் இல்லை

“ஒரு மூச்சு எடுக்கிறதுக்கு அவட மூஞ்சியப் பார்க்கணுமா? கேக்கிறன், சொல்லுங்க! உங்கட மூச்சு உங்கட நெஞ்சுக்குள்ளதானே இருக்கு? அவட முகத்திலயா ஒட்டியிருக்கு?”

“கத்தாத சுதா. கீழ கேக்கும்.”

“கேக்கட்டும்! லாசால் முழுக்கக் கேக்கட்டும்!”

மொன்றியலின் அந்த லாசால் பகுதி முழுக்கக் கேட்டதோ தெரியாது, கீழே கேட்டது. அந்த மூன்று மாடிக் கட்டடத்தில் சூடாக்கிக் குழாய்கள் சூட்டைக் கொண்டுவருவதைவிடச் சத்தத்தைத்தான் ஒழுங்காகக் கொண்டுவரும். இரண்டாம் மாடியில் யோசெப்பின் அக்கா, கொதிக்கிற உலை இடைஞ்சலாக இருக்கிறதென்று அடுப்பையே அணைத்துவிட்டு, குழாயோரமாகக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போய் வந்த சீலையைக்கூட இன்னும் மாற்றவில்லை.

“விளங்காமக் கதைக்காத,” என்றான் கிரி. “ஃபுளூட்டும் பியானோவும் ஒண்டாத் தொடங்கோணும். கையக் காட்ட ஏலாது. ரெண்டு பேருக்கும் கையில வேலை. அதால நான் மூச்ச இழுத்துத் தலைய ஆட்டுவன். அவ பார்த்துத் தொடங்குவா. உலகம் முழுக்க அப்பிடித்தான்.”

“உலகம் முழுக்க! என்னைக் கட்டி மூணு வருசம். ஒரு நாள், ஒரே ஒரு நாள், என்னோட ஒண்டாத் தேத்தண்ணி குடிக்கத் தொடங்கியிருக்கீங்களா? நான் என்ட கோப்பையோட வரக்குள்ள நீங்க குடிச்சு முடிச்சுச் சப்பாத்துக் கட்டுவீங்க!”

அடுத்ததாகக் கதவு சாத்துகிற சத்தம் குழாய் வழியாக இறங்கியது. யோசெப்பின் அக்கா அடுப்பை மறுபடி பற்ற வைத்தாள்.

விசயம் இதுதான். அதற்கு முதல் நாள் கிரி கையுறையை மறந்துவிட்டுப் போனான். மார்ச் மாதம், குளிர் இன்னும் விடவில்லை. பாவம் என்று சுதாஜினி அதை எடுத்துக்கொண்டு கத்தோலிக்கப் பங்குக் கோயில் மண்டபத்துக்குப் போனாள். கோயிலுக்கு அடியில், படியிறங்கிப் போகிற மண்டபம். கதவைத் திறக்கிறபோது வாசிப்பு நடக்கவில்லை. தொடங்கப் போகிறார்கள். வெள்ளி நிறக் குழலை உதட்டில் வைத்துக்கொண்டு கிரி அந்தப் பெண்ணைப் பார்த்தான். பியானோவில் இருந்த அந்தப் பெண் கிரியைப் பார்த்தாள். கிரியின் தோள் மெல்ல உயர்ந்தது. அவள் தோளும் உயர்ந்தது. பிறகு இரண்டு பேரும் ஒரே நொடியில் தலையசைத்துக்கொண்டு வாசிப்புக்குள் இறங்கினார்கள்.

சுதாஜினி கையுறையைக் கதிரையில் வைத்துவிட்டு வந்துவிட்டாள். அப்படியொரு பார்வை தன் கல்யாண வீடியோவில்கூட இல்லை என்பது பஸ்ஸில் வரும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அவளுக்கு அடிமனதில் உறுத்திய சங்கதி இன்னொன்று. கிரிக்குக் குழல் வாசிக்கத் தெரியும் என்பதே அவளுக்குத் தெரியாது. திருகோணமலையில் இருந்து படம் பார்த்துப் பேசி வந்த கல்யாணம். மாப்பிள்ளை மட்டக்களப்பு, மொன்றியலில் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் நிரந்தர வேலை, குடிவெறி இல்லை என்று சொன்னார்களே தவிர, மிஷன் பள்ளிக்கூடத்து பேண்டில் ஒரு சாமியாரிடம் ஃபுளூட் பழகினவர் என்று ஒருவரும் சொல்லவில்லை. அலுமாரிக்கடியில் கிடந்த நீளமான கறுப்புப் பெட்டியைத் தண்ணீர்க் குழாய் திருத்துகிற சாமான் என்று நினைத்து, அதன்மேல் வெங்காயக் கூடையை வைத்துக்கொண்டு மூன்று வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறாள். அந்தப் பெட்டியைத் திறக்க வைத்தது யார்? அந்த ஜனவரியில், பொங்கல் விழாவுக்குக் கதிரை அடுக்கப் போன இடத்தில், பிரியம்வதா.

பிரியம்வதாவைப் பற்றி லாசாலில் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். அப்பா ஆனந்தகிருஷ்ணன் டவுன்டவுன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். தமிழ்நாட்டுக்காரர், இங்கே வந்து முப்பது வருடமாகிறது. ஆற்றங்கரையோரம் சொந்த வீடு. மகள் பல்கலைக்கழகத்தில் பியானோவே படித்துப் பட்டம் வாங்கியவள். பியானோவுக்கும் பட்டமா என்று யோசெப்பின் அக்கா ஒரு மாதம் எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிரியம்வதாவோடு வாசித்த பெண் கல்யாணம் முடித்து டொராண்டோ போய்விட, மே மாதம் கோயில் கூரை திருத்த நடக்கிற இசை நிகழ்ச்சிக்கு அவளுக்கு ஒரு ஃபுளூட் தேவைப்பட்டது. கதிரை அடுக்க வந்தவன் மேடைப் பக்கம் போய், “இது ஃபுளூட்டுக்கு எழுதினதுதானே?” என்று தாளைப் பார்த்துக் கேட்டிருக்கிறான். தீர்ந்தது.

சண்டை நடந்த அந்த ஞாயிறு பின்னேரமே சுதாஜினி, துவைத்த துணிக் கூடையோடு யோசெப்பின் அக்கா வீட்டில் நின்றாள்.

“அழுறியா மனே? இரு, இரு. பிளேன்டீ ஊத்துறன்.”

“நான் ஏன் அழுறன்? வெங்காயம் வெட்டினன்.”

“ஓம், ஓம், வெங்காயம். இஞ்ச பாரு புள்ள, கையில குழலைக் குடுத்தா எல்லா ஆம்பிளையும் கிருஷ்ணன்தான். குழலைப் பறிக்காத. பறிச்சா நீதான் பொல்லாதவ. நீ கூடப் போ.”

“நான் போய் என்ன செய்ய? சுவரைப் பார்த்துக்கொண்டு நிக்கவா?”

யோசெப்பின் அக்கா கோயில் பாடகர் குழுவில் இருபது வருடமாகச் சுருதி பிசகிப் பாடுகிறவள். ஆனால் சுற்றுமுற்றும் நடக்கிறதைப் பார்த்து வைத்திருந்தாள். “பியானோ வாசிக்கிறவளுக்கு ரெண்டு கையும் வேலை. தாள் முடிஞ்சா ஆர் புரட்டுறது? அதுக்கெண்டு பக்கத்தில ஒரு ஆள் இருக்கும். பின்னேரம் தொடங்கினா முடியுமட்டும் அந்த ஆள் அசையாது.” குரலைத் தாழ்த்தினாள். “எங்கட மண்டபத்துப் பியானோ சுவரோட ஒட்டின சின்னப் பியானோ. வலப் பக்கத்தில சூட்டுக் குழாய் ஓடுது, ஆள் நிக்க ஏலாது. கிரி இடப் பக்கம்தான் நிப்பான். புரட்டுற ஆளின்ட கதிரையும் இடப் பக்கம்தான். அப்ப அது எங்க வரும் சொல்லு?”

“நடுவில.”

“நடுவில!” என்று யோசெப்பின் அக்கா தேத்தண்ணிக் கோப்பையை வைத்தாள்.

அடுத்த சனிக்கிழமை கிரிக்குப் பின்னால் சுதாஜினியும் படியிறங்கினாள். பிரியம்வதா எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, நிஜமாவா? பேஜ் டர்ன் பண்றீங்களா? தெய்வம் மாதிரி வந்தீங்க,” என்றாள். தெய்வம் என்றதைச் சுதாஜினி பொறுத்தாள். அக்கா என்றதைத்தான் பொறுக்க முடியவில்லை. தனக்கு இருபத்தெட்டு, இவளுக்கு இருபத்தாறு. இரண்டு வருடத்துக்கு ஓர் அக்காவா? அதுவும் கிரியைக் ‘கிரி’ என்று கூப்பிடுகிறவள்!

தாளைப் பிரித்து வைத்தாள். பார்த்ததும் அடுத்த அடி விழுந்தது. கிரியின் தாளில் கிரியின் வாசிப்பு மட்டும்தான் இருந்தது. பியானோவின் தாளில் பியானோவின் வரிகளுக்கு மேலே, சின்ன எழுத்தில், கிரியின் வரியும் ஓடியது.

“அவர்ட ஏன் உங்கட தாளில இருக்கு?”

“பியானோ வாசிக்கறவங்களுக்கு ரெண்டும் தெரியணும் அக்கா. ஃபுளூட் எங்க போறார்னு நான் ஃபாலோ பண்ணணும்ல?”

“அவருக்கு உங்கட தெரியத் தேவையில்லையா?”

“அவர் கேட்டுட்டே வருவார்.”

ஆக, இவளிடம் இரண்டு பேரும் இருக்கிறார்கள், அவனிடம் அவன் மட்டும் இருக்கிறான் என்று சுதாஜினி மனதுக்குள் வகுத்துக்கொண்டாள். தான் எந்தத் தாளிலும் இல்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

“இன்னொண்ணு அக்கா. தப்பா எடுத்துக்காதீங்க. பேஜ் டர்ன் பண்றவங்க இருக்கறதே தெரியக் கூடாது. அதான் வழக்கம். சத்தம் வரக் கூடாது. அந்த வளையல் மட்டும் கொஞ்சம் கழட்டி...”

“வளையலைக் கழட்டவா?” சுதாஜினி எழுந்தேவிட்டாள். “கட்டின மனுசன் கல்லுமாதிரி முன்னுக்கு நிக்கக்குள்ள கையை மொட்டையாக்கச் சொல்றீங்களா?”

பிரியம்வதா வெலவெலத்துப் போனாள். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அது தோன்றியிருக்காது. “ஐயோ, சாரி அக்கா, நான் அந்த அர்த்தத்துல...” என்று குழறினாள். கிரி குழலைத் துடைக்கத் தொடங்கினான். துடைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் துடைத்தான். கடைசியில் வளையலை முழங்கைப் பக்கம் ஏற்றி ஒரு ரப்பர் வளையம் போட்டுக்கொள்வதென்று ஒப்பந்தமாயிற்று.

தாளில் எதையும் வாசிக்கத் தெரியாதவள் எப்போது புரட்டுவது? தான் தலையசைக்கும்போது புரட்டச் சொன்னாள் பிரியம்வதா. ஆனால் வேகமான இடங்களில் அவளுக்குத் தலையசைக்கவும் நேரம் இருக்காது. அங்கெல்லாம், “கிரியைப் பாருங்க அக்கா. தோள் ஏறி, பெருசா ஒரு மூச்சு எடுப்பார். அப்போ புரட்டிடுங்க,” என்றாள்.

புருசனைப் பார்க்கச் சொல்லி இன்னொருத்தி சொல்லித் தர வேண்டியிருக்கிறதே என்று சுதாஜினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் பார்த்தாள். பார்க்கப் பார்க்க, கழுத்தோரம் ஒரு நரம்பு முதலில் அசைவதும், பிறகு தோள் ஏறுவதும், கண் ஒருமுறை மூடித் திறப்பதும் அவளுக்குப் பிடிபட்டது. பெட்டி மடித்துக் களைத்து வந்து கதிரையில் சரிகிற ஆளுக்குள் இவ்வளவு மூச்சு இருந்ததா? இத்தனை நாளும் அதை எங்கே வைத்திருந்தான், வெங்காயக் கூடைக்குக் கீழேயா?

பொறாமை ஒரு விநோதமான வாத்தியார். யாரும் சொல்லித் தராததை எல்லாம் அது பழக்கிவிடும்.

இரண்டாம் கிழமை அவள் கேட்டாள், “இந்தப் பாட்டு எதைப் பற்றி?”

“கிரேக்கக் கதை அக்கா. நூறு வருஷத்துக்கு முந்தி ஒரு ஜெர்மன்காரர் எழுதினது. அந்தக் காலத்துல அவங்களுக்கெல்லாம் கிரேக்கக் கதைன்னா பைத்தியம்.” பிரியம்வதா ஸ்டூலில் திரும்பி உட்கார்ந்தாள். “எக்கோன்னு ஒரு பொண்ணு. காட்டுல இருக்கற தேவதை. வாய் ஓயாம பேசுவா. அங்க தேவராஜா ஒருத்தர். அவருக்குப் பொண்ணுங்க சகவாசம் ஜாஸ்தி.”

“எங்கட தேவேந்திரன்தான். மறுகா?”

“அவரோட வைஃப் ஹேரா, அவரைத் தேடிட்டு வருவா. வர்றப்பல்லாம் இந்த எக்கோ அவளைப் பேச்சுல பிடிச்சு நிறுத்திடுவா. அதுக்குள்ள மத்த பொண்ணுங்க ஓடிடுவாங்க. ஒரு நாள் ஹேராவுக்குத் தெரிஞ்சுபோய், சாபம் குடுத்துட்டா. இனிமே உனக்குன்னு பேச்சு கிடையாது, அடுத்தவங்க சொல்ற கடைசி வார்த்தையைத் திருப்பிச் சொல்லத்தான் முடியும்னு.”

“நல்ல வேலை செஞ்சா,” என்றாள் சுதாஜினி.

கிரி இருமினான்.

“அப்புறம் எக்கோ ஒரு அழகான பையனை விரும்பறா. அவனோ தண்ணியில தன் முகத்தையே பார்த்துட்டு இருக்கான். இவளால தன் ஆசையைச் சொல்லவும் முடியலை. அப்படியே கரைஞ்சு, குரல் மட்டும் மிச்சம். இதுல ஃபுளூட்தான் அந்தப் பையன். பியானோ எக்கோ. கடைசில ஃபுளூட் நின்னுடும். பியானோ மட்டும் அவனோட கடைசி மூணு சுரத்தை வாசிச்சிட்டே, மெதுவா, இன்னும் மெதுவா...”

“அப்ப அவவுக்கு என்ன வாத்தியம்?”

“யாருக்கு?”

“ஹேராவுக்கு.”

பிரியம்வதா தாளைப் பார்த்தாள், ஏதோ அங்கே விட்டுப் போயிருக்குமோ என்பதுபோல. “அவளுக்கு வாத்தியம் இல்லையே அக்கா. கதையில முதல்லயே போயிடறா.”

“புருசனைத் தேடி வந்தவவுக்கு வாத்தியம் இல்ல. வழி மறிச்சவளுக்குப் பியானோ.” சுதாஜினி ரப்பர் வளையத்தை இழுத்துவிட்டாள். “நல்ல நியாயம்.”

மூலையில் யாரோ சிரித்தார்கள். பியானோவுக்குச் சுருதி சேர்க்க வருகிற லூக், கருவிப் பையைக் கட்டிக்கொண்டிருந்தான். நகரின் செயின்ட்-மிஷேல் பக்கத்தில் இருந்து வருகிற, பிரெஞ்சு பேசுகிற ஆள். தமிழ் ஒரு சொல் விளங்காது, ஆனாலும் பிரியம்வதா சிரித்தால் அவனும் சிரிப்பான். மண்டபம் ஈரம், பியானோ கிழம், அதனால் சுருதி நிற்பதில்லை என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து அதன் வயிற்றைத் திறந்து பார்ப்பான். சுதாஜினி அவனை ஒரு தட்டுமுட்டுச் சாமானைப் போலக் கடந்து போனாள். அவளுடைய கண்ணுக்கு அப்போது ஒரே ஓர் ஆம்பிளைதான் தெரிந்தான்.

மகள் பிரியம்வதாவைக் கூட்டிப் போகக் காரோடு வருகிற ரமா மாமியும் தன் பங்குக்கு நெருப்பை ஊதிவிட்டாள். பிளாஸ்க்கில் இருந்து காப்பி ஊற்றிக் கொடுத்துக்கொண்டே, “நீங்க கூட இருக்கறது எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? வயசுப் பொண்ணு. ஆம்பளைங்க வந்து போற இடம். நான் எத்தனை நாளைக்குன்னு வாசல்ல காவல் இருக்க முடியும்?” என்றாள்.

பெற்ற தாய்க்கே சந்தேகம்! சுதாஜினி காப்பிக் கோப்பையை அப்படியே கீழே வைத்தாள். அன்று பின்னேரம் யோசெப்பின் அக்காவிடம் அந்த வசனத்தை மூன்று தரம் சொன்னாள், ஒவ்வொரு தரமும் ரமா மாமியின் குரலைச் சற்று உயர்த்தி.

எல்லாவற்றுக்கும் மகுடம் வைத்தாற்போல ஏப்ரல் கடைசியில் அந்தச் செய்தி வந்தது. வடக்கே ஓர் ஏரிக்கரை ஊரில் கோடைக்கு இசை விழா நடக்கும். யூலையில் மூன்று கிழமை, முழுசாக இருபத்தொரு நாள். அதை நடத்துகிறவர் கோயில் நிகழ்ச்சிக்கு வருகிறார். வாசிப்புப் பிடித்தால் இவர்கள் இரண்டு பேரையும் அழைப்பார்.

“தொழிற்சாலையில லீவு கேட்டுட்டன்,” என்றான் கிரி, சோற்றைப் பிசைந்தபடி. முகம் முழுக்க விளக்கு எரிந்தது.

“மூணு கிழமை. ஏரிக்கரையில.”

“ஓம்.”

“ரெண்டு பேரும்.”

“ஃபுளூட்டும் பியானோவும், சுதா.”

“ஓம், ஃபுளூட்டும் பியானோவும். ரெண்டும் சேர்ந்து ஏரியில முகம் பார்க்கட்டும்.” அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். தண்ணீரைத் திறந்துவிட்டுத்தான் அழுதாள். அவன் போனால் திரும்பி வருகிறது வேறு யாராவதாக இருக்கும் என்று அவளுக்குப் பயம். பெட்டித் தொழிற்சாலைக் கிரியைத்தான் அவள் கட்டியிருந்தாள். அந்த மூச்சுக்காரனை அவளுக்கு ஒருவரும் பேசிக் கட்டி வைக்கவில்லை.

பாத்திரம் கழுவி முடிகிறபோது யோசனையும் முடிந்திருந்தது. தாள் இரண்டு சேர்ந்து புரண்டால் யார் கண்டது? மெல்லிய தாள், வேர்த்த விரல், வாசிக்கத் தெரியாத பெண். பியானோ தடுமாறும். விழாக்காரர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார். ஏரி ஏரியாகவே இருக்கும்.

நிகழ்ச்சி நாள் அவள் தன் கல்யாணக் கூறைச் சேலையில் வந்தாள். மூன்று வருடமாகப் பெட்டிக்குள் இருந்த அரக்குச் சிவப்பு, அகலச் சரிகை, நிறுத்தினால் தானாக நிற்கிற பட்டு. இரண்டு கையிலும் டசின் கணக்கில் கண்ணாடி வளையல். ரப்பர் வளையம் இல்லை. தாலிக்கொடி சேலைக்கு மேலே கிடந்தது. யாருடைய புருசன் யார் என்பதில் மண்டபத்தில் எவருக்கும் ஐயம் வரக் கூடாது என்ற முடிவு அதில் தெரிந்தது.

கறுப்புடை போட்டிருந்த பிரியம்வதா அவளைப் பார்த்ததும் வாயைத் திறந்தாள். “அக்கா, வளையல்...”

“இருக்கட்டும்.”

பிரியம்வதா பியானோப் பக்கம் திரும்பினாள். கிரி வழக்கம்போலக் குழலைத் துடைத்தான்.

மண்டபம் நிறைந்திருந்தது. பிரெஞ்சுக் கிழவிகள், ஹெயிட்டிக் குடும்பங்கள், எங்கள் ஆட்கள் இரண்டு வரிசை. மூன்றாம் வரிசையில் கண்ணாடி போட்ட விழாக்காரர். முன்வரிசையில் யோசெப்பின் அக்கா, பக்கத்துப் பெண்ணிடம், “நடுவில இருக்கிறாளே, அவள் எங்கட புள்ள,” என்று சொல்லிக்கொண்டிருந்தது மேடை வரை கேட்டது. ரமா மாமி சுவரோரம் நின்றாள். ஏனோ அவள் கண் மேடையில் இல்லை. கதவோரம் நின்ற லூக்கின் மேல் இருந்தது.

முதல் பகுதி காடு, ஓடை என்று சலசலத்துப் போனது. சுதாஜினி வளையல்களை முழங்கைப் பக்கம் தள்ளி, கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு ஒழுங்காகப் புரட்டினாள். இரண்டாம் பகுதியில் எக்கோ வாயடித்தாள். பியானோ பொரிந்து தள்ளியது. அங்கேயும் கிரியின் கழுத்து நரம்பைப் பார்த்துப் புரட்டினாள். சனம் அமைதியாக இருந்தது. விழாக்காரர் முன்னால் சாய்ந்திருந்தார். நன்றாகப் போகிறது என்பது அவளுக்கே தெரிந்தது. நன்றாகப் போவதுதான் ஆபத்து.

மூன்றாம் பகுதி புதுப் பக்கத்தில் தொடங்குகிறது. ஆகவே வாசிப்புக்கு முதலே எழுந்து நின்று புரட்ட வேண்டும். எழுந்தாள். கையை நீட்டித் தாளின் மேல்மூலையைப் பிடித்தாள். விரலுக்குள் ஒன்றல்ல, இரண்டு தாள்.

அவள் கணக்கில் எடுக்காத ஒன்று அந்தச் சேலை. சாதாரண உடுப்பில் எழுந்து நின்றால் பக்கவாட்டில் ஆள் தெரியும். கூறையோ எழுந்ததும் விரிந்து, பந்தல் மறைப்பைப் போலப் பிரியம்வதாவை முழுசாக மூடிவிட்டது.

கிரி குழலை உதட்டுக்குக் கொண்டுபோய், வழக்கமாகப் பார்க்கிற இடத்தைப் பார்த்தான். அங்கே முகம் இல்லை, சரிகை இருந்தது. அவன் கண் தடுமாறி, சரிகை வழியாக மேலே ஏறி, சுதாஜினியின் முகத்தில் வந்து நின்றது.

அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். அதற்காகத்தானே லாசாலுக்கே கேட்கக் கத்தினாள். பக்கத்தில் இருந்து, நேருக்கு நேர் வாங்கும்போதுதான் அது வேறாக இருந்தது. அதில் ஆசையும் இல்லை, கள்ளமும் இல்லை. பெரிய தெருவைக் கடக்க நிற்கிறவன், போவோமா என்று பக்கத்தில் நிற்கிறவரைப் பார்க்கிற பார்வை. பயந்துபோய் நின்றான் மனுசன். நெற்றியோரம் வேர்த்திருந்தது. இப்போதா, இப்போதா என்று கேட்டான்.

மண்டபம் காத்திருந்தது. கட்டின நாளில் இருந்து கிரி அவளிடம் ஒன்றும் கேட்டதில்லை.

சுதாஜினி விரலைத் தளர்த்தினாள். ஒரு தாள் நழுவிக் கீழே படிந்தது. மற்றதைப் புரட்டினாள். பிறகு, இத்தனை சனிக்கிழமையும் பார்த்துப் பார்த்துப் பழகின அளவில், தோள் உயர ஒரு மூச்சை இழுத்தாள். கிரியின் தோளும் உயர்ந்தது. அவள் தலையசைத்தாள். அசைத்த வேகத்தில் வளையல் அத்தனையும் முழங்கையில் இருந்து மணிக்கட்டுக்கு இறங்கிக் கலகலவென்றன. அந்தக் கலகலப்பிலேயே குழலும் பியானோவும் ஒன்றாகத் தொடங்கின.

கடைசியில் குழல் நின்றது. பியானோ தனியாக அந்த மூன்று சுரங்களை வாசித்தது. மெதுவாக. இன்னும் மெதுவாக. கடைசித் தரத்துக்கு முன் நீளமாக ஒரு மௌனம். சுதாஜினி பிடித்திருந்த மூச்சை விட்டாள். ஒரு வளையல் மற்றதில் பட்டுக் ‘கிணீர்’ என்றது. பிரியம்வதா கடைசிச் சுரத்தை அதற்குப் பிறகு வைத்தாள்.

கைதட்டல் ஓய்ந்ததும் பிரியம்வதா பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினாள். “அக்கா, நான் எவ்வளவு தடவை சொன்னேன்...” அதற்குள் விழாக்காரர் வந்துவிட்டார். பிரெஞ்சில் நீளமாக ஏதோ கேட்டார். பிரியம்வதா திகைத்துப் போய் நின்று, பிறகு வாயைப் பொத்திச் சிரித்தபடி ஏதோ பதில் சொன்னாள்.

“என்னவாம்?” என்று சுதாஜினி கிரியிடம் கேட்டாள்.

“அந்த மணிச் சத்தம் அருமையாம். மூலத் தாளில அது எங்க எழுதியிருக்கு, அது ஆரின்ட குரல் எண்டு கேக்கிறார்.”

“அதுக்கு இவ என்ன சொன்னா?”

“ஹேரா எண்டு சொன்னா.”

சுதாஜினி சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். ஹேராவுக்கு முதன்முதலாக வாத்தியம் கிடைத்த செய்தியை அவள் அதற்கு மேல் காட்டிக்கொள்ளவில்லை. மறுநாள் காலை கிரி தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கிவிட்டுக் குடிக்காமல் இருந்தான். அவள் தன் கோப்பையோடு வந்து உட்கார்ந்ததும், தோளை உயர்த்தி, மூச்சிழுத்து, தலையசைத்தான்.

“நடிக்காதீங்க,” என்றாள். ஆனால் ஒன்றாகத்தான் குடிக்கத் தொடங்கினார்கள். குழாயோரம் இருந்த யோசெப்பின் அக்காவுக்கு அன்று ஒன்றும் கேட்கவில்லை. பெரிய ஏமாற்றம்.

விழாவுக்கு மூன்று பேரையும் அழைத்தார்கள், வளையல் உட்பட. யூலையில் ஏரிக்கரையில் இறங்கிய முதல் நாளே சுதாஜினி அங்கே லூக்கைக் கண்டாள். விழாவுக்கு என்று தனியாகச் சுருதி சேர்க்கிற ஆள் இருந்தான். அப்படியென்றால் இவன் எதற்கு? கிரியைக் காவல் காக்க வேண்டிய வேலை இல்லாததால் அவள் கண் இப்போது ஓய்வாக இருந்தது. வாசிப்புத் தொடங்குமுன் பிரியம்வதா கிரியைப் பார்க்கிறாள், முடிந்ததும் யாரைப் பார்க்கிறாள் என்று அன்றுதான் கவனித்தாள். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை சுருதி இறங்குகிற பியானோ! ரமா மாமி வாசலில் காவல் இருந்தது யாருக்கு என்பதும் அப்போதுதான் விளங்கியது. உடனே பக்கத்து டெப்பனர் பெட்டிக்கடையில் சில்லறை மாற்றி, வெளியில் இருந்த போனில் யோசெப்பின் அக்காவைக் கூப்பிட்டாள்.

“எனக்கு எப்பவோ தெரியும்,” என்றாள் யோசெப்பின் அக்கா. தெரியாது. ஆனால் அந்தக் கிழமைக்குள் எல்லாருக்கும் தெரிந்தது.

ஆனந்தகிருஷ்ணன் மகளோடு சில மாதம் பேசவில்லை. பிறகு இந்துக் கோயிலில் ஒரு தரம், மாதா கோயிலில் ஒரு தரம் என்று பிரியம்வதாவுக்கும் லூக்குக்கும் கல்யாணம் நடந்தது. ரமா மாமி இரண்டிலும் அழுதாள், இரண்டிலும் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பிளாஸ்க்கில் காப்பி ஊற்றினாள். அவர்கள் வடக்கே சாகெனே பக்கம் போய்விட்டார்கள். அங்கே பியானோவுக்கு வருடத்தில் இரண்டு தரம்தான் சுருதி சேர்க்கிறானாம்.

மொன்றியலில் ஐஸ் மழை கொட்டி ஊர் முழுக்க மின்சாரம் போன குளிர்காலத்துக்குப் பிறகு கிரியும் சுதாஜினியும் எல்லாரையும்போல டொராண்டோப் பக்கம் ஸ்கார்பரோவுக்குக் குடிபோனார்கள். அங்கே ஒரு தேவாலயத்தில் கிரிக்குப் பியானோ வாசிக்கக் கிடைத்தவர் தியாகலிங்கம் மாஸ்டர். வயது எழுபத்திரண்டு, பல் கட்டினவர். சுதாஜினி நேரில் போய்ப் பார்த்துச் சம்மதம் சொன்னாள். அப்படியிருந்தும் பக்கம் புரட்ட அவள்தான் போகிறாள், கை நிறைய வளையலோடு.

லாசாலில் அவர்கள் இருந்த மூன்றாம் மாடிக்கு ஒரு மொறோக்கோக் குடும்பம் வந்திருக்கிறது. சத்தமே போடாத சனம் என்று யோசெப்பின் அக்கா குறைப்படுகிறாள்.